பழைய இரும்பில் கொக்கு செய்கிற தம்பிக்குப் பிழைப்பு உண்டா?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். தம்பிக்கு 22 வயது, ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) வரை படித்துவிட்டு டவுனில் ஒரு கராஜில் வேலை. மிச்ச நேரத்தில் சைக்கிள் செயின், பேரிங், பழைய தகரம் எல்லாம் சேர்த்துப் பறவைகள் செய்கிறான். யாரிடமும் பழகியதில்லை. இதைத் தொழிலாக நம்பலாமா, சித்திரம் படிக்காதவனைக் கலைஞன் என்று யாராவது எடுப்பார்களா, அப்பா கொழும்பில் கடை வேலைக்குப் போகச் சொல்கிறாரே, என்ன செய்வது? கூடவே ஒரு கொக்கின் படமும் வந்திருக்கிறது. ஒரு கால் ஒடிந்து, கட்டுக்கம்பியால் சுற்றியிருக்கிறது.

தங்கச்சி, நான் ஹட்டன் பக்கம். வெல்டிங் பட்டறையில் கையாளாகச் சேர்ந்து, அங்கிருந்து இந்த வேலைக்குள் விழுந்து இருபத்திரண்டு வருடமாகிறது. ஓ.எல்.லில் சித்திரப் பாடத்துக்கு எனக்குக் கிடைத்தது சாதாரண சித்திதான். கேட்டதற்கு நேராகச் சொன்னால், பிழைக்கலாம். ஆனால் முதல் நாலைந்து வருடம் இது மட்டும் அடுப்பெரிக்காது. கராஜ் வேலையை விட வேண்டாம். கொழும்புக் கடைக்கும் போக வேண்டாம். காலையிலிருந்து இரவு ஒன்பது வரை கடையில் நின்றவன் அதற்குப் பிறகு பறவை செய்ய உட்கார மாட்டான், அப்படிப் போன இரண்டு பேரை எனக்குத் தெரியும். கராஜில் கை இரும்போடேயே இருக்கும், கழிவும் காலடியிலேயே விழும்.

என் முதல் விற்பனையைச் சொல்கிறேன், உங்கள் தம்பியும் அந்தக் குழியில்தான் விழப்போகிறான். ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவில் கூட்டம் சேரும் அல்லவா, அப்போது ஒரு நண்பனின் கடை வாசலில் ஓர் ஆந்தையை வைத்திருந்தேன். கண் இரண்டும் லொறிப் பேரிங். உடம்பு முழுக்க, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டித் தேய்ந்த கத்திகள். பதினொரு நாள் வேலை. ஓர் ஐயா வந்து தூக்கிப் பார்த்தார். "எத்தனை கிலோ வரும் தம்பி?" என்றார். யோசிக்காமல், "ஒரு பன்னிரண்டு வரும் ஐயா" என்றேன். அவர் மனதுக்குள் பழைய இரும்பின் கிலோ விலையால் பெருக்கி, அதன்மேல் கொஞ்சம் இரக்கத்தையும் வைத்து ஒரு தொகை சொன்னார். நானும் கொடுத்துவிட்டேன். திரும்பி பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. அவர் கேட்டதில் பிழையில்லை. நான் அதற்குப் பதில் சொன்னேனே, அதுதான் பிழை.

அம்மா முப்பத்தொரு வருடம் கொழுந்து பறித்துத் தராசில் போட்டவர். காலையில் ஒரு நிறுவை, பகலில் ஒன்று, பின்னேரம் ஒன்று. கூடைக்கு, ஈரத்துக்கு என்று கழித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் எழுதுவார்கள். கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். அந்த வீட்டில் வளர்ந்தவனுக்கு உழைப்பு என்றதும் தராசுதான் ஞாபகம் வரும். நம் பிள்ளைகள் இந்த வேலைக்குள் வரும்போது அந்தத் தராசையும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பொருள் குப்பையிலிருந்து வந்தது என்பதால் விலை சொல்லவே கூச்சம். வாங்குகிறவர் அந்தக் கூச்சத்தைச் சரியாகப் பிடித்துவிடுவார். "சும்மா கிடந்த தகரம்தானே?" என்பார். வெல்டிங் பழக எனக்கு ஒரு வருடம் போதுமாக இருந்தது, இந்தக் கிலோக் கணக்கிலிருந்து வெளியே வர ஏழெட்டு வருடம் பிடித்தது.

விலை போடுகிற முறை சிக்கலானது இல்லை. உங்கள் டவுனில் ஒரு வெல்டிங் பாஸ் (மேஸ்திரி) நாளுக்கு என்ன வாங்குகிறாரோ அதை எடுத்து, எத்தனை நாள் வேலையோ அதனால் பெருக்க வேண்டும். வெல்டிங் குச்சி, டிஸ்க், மின்சாரம், பூச்சு, ஏற்றுக்கூலி எல்லாம் சேர வேண்டும். பழுதாய்ப்போன வேலைகளும் விற்காத வேலைகளும் இருக்கும், அவற்றுக்காக ஒரு பங்கு மேலே போட வேண்டும். தோட்டத்து நாட்சம்பளத்தை அளவாக வைக்கவே கூடாது. அது 2021-இல் 1,000 ரூபாவாகவும் 2024-இல் 1,350 ரூபாவாகவும் ஏற எத்தனை வருடம் கத்த வேண்டியிருந்தது என்று உங்கள் அப்பாவுக்கே தெரியும். கடையில் வைத்து விற்றால் கடைக்காரர் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை எடுப்பார். அதற்காக வீட்டுக்கு வருபவருக்குப் பாதி விலையில் கொடுத்தால் கடைக்காரர் ஒரே மாதத்தில் உங்கள் பொருளைத் திருப்பி அனுப்பிவிடுவார். எங்கே விற்றாலும் ஒரே விலை. முதல் நாளிலிருந்து ஒரு சிஆர் கொப்பியில் எந்த வேலை, எத்தனை நாள், யார் வாங்கினார், எவ்வளவு என்று எழுதி வரட்டும். எனக்கு முதல் ஆறு வருடத்துக்குக் கணக்கே இல்லை. ஆந்தை இப்போது எந்த வீட்டில் இருக்கிறது என்றும் தெரியாது.

சரி, படிக்காதவன் கலைஞனா என்ற கேள்வி. அதற்கு நம் மலையிலேயே பதில் இருக்கிறது. கண்டியில் 1901-இல் பிறந்த ஜோர்ஜ் கீற் எந்தச் சித்திரக் கல்லூரிக்கும் போனவர் இல்லை. 1943-இல் தொடங்கிய 43 குழு என்ற ஓவியர் அமைப்பின் முன்வரிசை ஓவியர் அவர். இந்த நாட்டு நவீன ஓவியம் என்றால் முதலில் சொல்லப்படும் பெயர்களில் ஒன்று. ஆனால் உங்கள் அப்பாவிடம் சொல்வதற்கு எனக்குப் பிடித்த கதை சண்டிகரில் நடந்தது. நேக் சந்த் அங்கே அரசாங்கத்தில் வீதிப் பரிசோதகர். பிரிவினையில் ஊரை விட்டு வந்தவர். 1950-களின் கடைசியில், வேலை முடிந்த பிறகு சைக்கிளில் உடைந்த வளையல், ஓடு, பீங்கான் துண்டுகளைக் கொண்டுபோய், யாரும் போகாத அரசாங்கக் காட்டு நிலத்தில் இரகசியமாகச் சிலைகள் செய்யத் தொடங்கினார். ஏறத்தாழ பதினெட்டு வருடம் யாருக்கும் தெரியாது. அதிகாரிகள் கண்டுபிடித்தபோது சட்டப்படி இடித்திருக்கலாம். 1976-இல் அதைப் பூங்காவாகத் திறந்து, சம்பளமும் ஆட்களும் கொடுத்து அந்த வேலையையே தொடரச் சொன்னார்கள். 1984-இல் பத்மஸ்ரீயும் கிடைத்தது. இதில் எல்லோரும் பத்மஸ்ரீயைத்தான் பார்ப்பார்கள். அந்தப் பதினெட்டு வருடமும் மனிதர் ஒரு நாள்கூட வேலையை விடவில்லை, நீங்கள் அதைப் பாருங்கள்.

யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ நுண்கலை படித்துவிட்டு வரும் மலையகப் பிள்ளைகளுக்கு நம்மிடம் இல்லாத ஒன்று இருக்கிறது, அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். கைவேலையில் உங்கள் தம்பி அவர்களுக்குக் குறைந்தவனாக இருக்க மாட்டான். தங்கள் வேலையைப் பற்றிப் பேச அவர்களுக்குத் தெரியும். கூடப் படித்தவர்கள் எங்கேயாவது ஒரு காட்சி நடத்தும்போது கூப்பிடுவார்கள். தானாகப் பழகியவன் இந்த இரண்டையும் தனியாகத் தேட வேண்டும். ஏன் இதைச் செய்தாய், இந்தப் பொருள் எங்கிருந்து வந்தது, இது என்ன என்று மூன்று வசனம் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சொல்லப் பழகட்டும். "சும்மா செய்தேன்" என்று தலையைச் சொறிந்தால் வாங்க வந்தவரும் சும்மாதான் கேட்பார்.

அப்பாவின் பயத்துக்கு ஒரு கடதாசியும் உதவும். வெல்டிங்குக்கு என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்க வகுப்பில் இருந்துதான் ஆக வேண்டும் என்றில்லை. ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களைச் சோதித்துப் பார்த்துக் கொடுக்கும் முறை இருக்கிறது. அரசாங்கத்தின் தொழிற்பயிற்சி அதிகாரசபையான நைட்டாவில் விசாரியுங்கள். சிலை விற்காத மாதத்தில் கேட் செய்து கொடுத்தாவது வாழலாம் என்று அப்பாவுக்குத் தெரிந்தால் வீட்டில் சத்தம் பாதியாகக் குறையும்.

இனி பொருள். எங்கள் பக்கத்தில் கிடைப்பது கொழும்பில் கிடைக்காது, அதுதான் தம்பியின் மூலதனம். சைக்கிள் செயினில் பறவை செய்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். கவ்வாத்துக் கத்தியில் செய்கிறவர்கள் எத்தனை பேர்? ஒரு கத்தியை எடுத்துப் பாருங்கள். புதிதாக வரும்போது எல்லாம் ஒரே அளவு. தீட்டித் தீட்டி ஏழெட்டு வருடத்தில் ஒவ்வொன்றும் அதைப் பிடித்தவரின் கையைப் போல ஆகிவிடும். ஒன்று நடுவில் குழிந்திருக்கும், ஒன்று நுனியில் மெலிந்திருக்கும். சிறகுக்கு இதைவிட நல்ல இரும்பு இல்லை. ஒரு மயிலுக்காக நான் சேர்த்த கத்திகளில் ஒன்றைத் தந்த தாத்தா, வேலை முடிந்ததும் வந்து நூற்றுச்சொச்சம் இறகுக்குள் தன்னுடையதை ஒரே பார்வையில் காட்டினார். இந்தக் கத்தியில் கார்பன் அதிகம், சாதாரண இரும்பு மாதிரி ஒட்டிவிட்டு விட்டால் பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே டிக்கென்று வெடிக்கும். முதலில் கொஞ்சம் சூடாக்கி, ஒட்டிய பிறகு அடுப்புச் சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் கூரையிலிருந்து கழற்றிய தகரம், மண்வெட்டி, மண் கிளறும் முள்ளு, தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் ஒதுக்கிய பல்சக்கரம், வலை, பழைய தேயிலைப் பெட்டியின் விளிம்புத் தகரம் எல்லாம் இதே ரகம்தான். கண்டி ஹந்தானையில் 1925-இல் கட்டிய ஸ்டோரைத் தேயிலை அருங்காட்சியகமாக மாற்றி வைத்திருக்கிறார்கள். தம்பியை ஒரு நாள் கூட்டிப் போங்கள். ரோலர், டிரையர் எல்லாம் முழுதாக எப்படி இருந்தது என்று பார்த்தவனுக்கு, கையில் கிடைக்கும் துண்டு எதனுடைய துண்டு என்று தெரியும். கம்பளைக்கு அருகே பீக்கொக் தோட்டத்தில் ஒரு பழைய லயத்தையே தொழிலாளர் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், அதையும் பார்க்கட்டும். ஹந்தானையில் இயந்திரம், இங்கே அதைச் சுற்றி வாழ்ந்தவர்களின் சாமான்.

ஆனால் ஸ்டோருக்குப் பின்னால் கிடக்கிறது என்பதற்காக ஒரு ஆணியைக்கூட எடுக்கக் கூடாது. துருப்பிடித்துப் புல் முளைத்துக் கிடந்தாலும் அது தோட்டத்துச் சொத்து. ஒரு களவுப் புகார் போதும், கலையும் போச்சு, அப்பாவின் பேரும் போச்சு. தோட்டத்துத் துரையிடம் (மனேஜரிடம்) எழுதிக் கேட்டு, கையெழுத்தோடு வாங்க வேண்டும். பழைய இரும்புக் கடையில் வாங்கினாலும் பில் துண்டு கேட்டு வாங்கட்டும். ரயில் பாதை இரும்பு, மின்சாரக் கம்பி, டெலிபோன் கம்பி எதையும் யார் மலிவாகத் தந்தாலும் தொடவே கூடாது. அது பொதுச்சொத்துச் சட்டத்துக்குள் போய்விடும், பிணை எடுப்பதே பெரும்பாடு.

2022 பொருளாதார நெருக்கடியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது, எனக்கு இந்தத் தொழில் மறுபடி பிறந்தது அப்போதுதான். டொலர் 200 ரூபாவிலிருந்து இரண்டு மாதத்தில் 360 ஆனது. பெயின்ட், தின்னர், வெல்டிங் குச்சி எதையும் தொட முடியவில்லை. மார்ச் கடைசியில் கரன்ட் ஒரு நாளைக்கு பதின்மூன்று மணித்தியாலம்வரை இல்லை. வெல்டிங் இல்லாமல் என்ன செய்வது? கம்பியால் கட்டினேன், ரிவெட் அடித்தேன். கானாவில் பிறந்து நைஜீரியாவில் வேலை செய்த எல் அனட்சுய் என்ற சிற்பி, மதுப்போத்தல் மூடிகளைத் தட்டி, மடித்து, செப்புக் கம்பியால் ஆயிரக்கணக்கில் கோத்து, சுவரில் தொங்கும் பட்டுச்சேலை மாதிரி செய்வார். 2015-இல் வெனிஸ் கலைக் கண்காட்சியில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் வாங்கியவர். அவர் கலை படித்தவர்தான், தம்பியின் ரகம் இல்லை. ஆனால் அந்த வேலைக்கு கரன்ட் வேண்டாம். குறடும் பொறுமையும் போதும். அவர் அந்த மூடிகளை எடுத்ததற்கும் காரணம் உண்டு, ஐரோப்பியர் ஆபிரிக்காவுக்குக் கொண்டு வந்த மதுவுக்கும் அடிமை வியாபாரத்துக்கும் தொடர்பு இருந்தது. சம்பள நாளில் சாராயக் கடை வாசலில் நின்று பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

அந்த வருடம் கற்ற மற்றது தேத்தண்ணி. பெயின்ட் இல்லாமல் இரும்பை எப்படிக் கறுப்பாக்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அம்மா கத்தியால் ஏதோ வெட்டிவிட்டுத் தேயிலைச் சாயம் இருந்த பாத்திரத்தில் போட்டிருந்தார். எடுத்தபோது நீலக்கறுப்பு. தேயிலையின் துவர்ப்பும் இரும்பின் துருவும் சேர்ந்தால் மை மாதிரி ஒரு கறுப்பு வரும். முன்காலத்து எழுதும் மையே இந்த வழியில்தான் வந்தது. செய்யும் விதம் இப்படி. இரும்பில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் சவர்க்காரத் தூளால் கழுவி, இரண்டு மூன்று நாள் வெளியே வைத்தால் மெல்லிய துரு பிடிக்கும். உதிரும் துருவை மட்டும் வயர் பிரஷால் தட்டிவிட வேண்டும். நல்ல கசப்பாகக் காய்ச்சி வற்றவைத்த சாயத்தைத் தூரிகையால் பூசிக் காயவிட வேண்டும். முதல் பூச்சில் சாம்பல் நிறம், மூன்றாவது நாலாவதில் காகத்தின் கழுத்து நிறம் வரும். பளபளவென்று இருக்கும் புது இரும்பில் இது பிடிக்காது. நம் மழையில் இதை அப்படியே வெளியே வைத்தால் கழுவிக்கொண்டு போய்விடும், மேலே தெளிந்த வார்னிஷோ மெழுகோ கட்டாயம் வேண்டும். வீட்டில் வடித்த தூள் போதும். மலிவாகக் கிடைக்கிறதே என்று கழிவுத் தேயிலையை மூட்டையாக வாங்கி வைத்துவிடாதீர்கள், அனுமதிப்பத்திரம் இல்லாமல் அதை வைத்திருந்தால் பொலிஸ் பிடிக்கும். சிலைக்குப் பூச வைத்திருக்கிறேன் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

இப்போது தம்பி உயிரோடு இருப்பது பற்றி. கூரைத் தகரம் எல்லாம் நாகம் (துத்தநாகம்) பூசியது. நாகம் 900 பாகை சொச்சத்தில் கொதித்து ஆவியாகும், இரும்பு உருக 1,500 பாகை வேண்டும். இரும்பு ஒட்டுவதற்கு முன்பே நாகம் வெள்ளைப் புகையாக மூக்குக்குள் போய்விடும். ஒருமுறை மூடிய அறைக்குள் ஒரு நாள் முழுக்க நான் தகரம் ஒட்டினேன். பின்னேரம் வாயில் காசு சப்பியது போல ஒரு ருசி. இரவு குளிரும் நடுக்கமும், கம்பளி மூன்று போட்டும் அடங்கவில்லை. டெங்கு என்று பயந்து விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போகத் தயாரானால் காய்ச்சலே இல்லை. வெல்டிங்காரர்கள் இதற்குப் பால் குடி என்பார்கள். பால் வயிற்றுக்குப் போகும், புகை போனது நுரையீரலுக்கு. ஒட்டும் இடத்தில் நாகத்தை அரைத்து எடுத்துவிட்டு, வெளியில், காற்று பக்கவாட்டில் அடிக்கும்படி நின்று, உலோகப் புகைக்கான வடிகட்டி முகமூடியோடு செய்ய வேண்டும். கைக்குட்டை கட்டுவது தூசிக்குக்கூடப் போதாது.

கார் பெட்டரியை ஈயத்துக்காக உடைக்கவே வேண்டாம், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம். அஸ்பெஸ்டஸ் கூரைத் துண்டை வெட்டக் கூடாது. எண்ணெய், பெற்றோல் இருந்த பீப்பாயை வெட்டுவதென்றால் கழுவி, தண்ணீர் நிரப்பிய பிறகுதான். வெறும் பீப்பாய்தானே என்று கிரைண்டர் வைத்து வெடித்த கதைகளை எந்தக் கராஜிலும் கேட்கலாம்.

வேலை செய்யும் இடம் ஒரு தலைவலி. லயத்தில் வெல்டிங் போட்டால் பன்னிரண்டு காம்பராவிலும் பல்பு மங்கும், பக்கத்து வீட்டு அக்காவின் நாடகம் நின்றுவிடும், அப்புறம் உங்கள் அம்மாதான் ஏச்சு வாங்க வேண்டும். கராஜ் முதலாளியிடம் பேசி, கடை மூடிய பிறகு இரண்டு மணித்தியாலம் ஒரு மூலையைக் கேளுங்கள். அதற்குப் பதிலாகக் கடை வாசலுக்கு ஒரு நல்ல வேலை செய்து கொடுக்கட்டும். என்னுடைய முதல் மூன்று வாடிக்கையாளர்களும் அப்படி ஒரு வாசலில் இருந்த குதிரையைப் பார்த்து வந்தவர்கள்தான்.

விற்பனை எப்படி வளரும் என்றால், முதலில் சின்னது. எல்லயில் ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க வரும் வெள்ளைக்காரர் ஐந்தடிக் கொக்கை வாங்க மாட்டார், பெட்டிக்குள் வைக்க முடியாது. கையளவு, அரைக் கிலோவுக்குள், கூர்முனை இல்லாத, துணியில் கறை படியாத பறவை என்றால் வாங்குவார். (எடை இங்கே மட்டும் நமக்கு உதவும், விமானக்காரரும் தராசு வைத்திருக்கிறார்.) எந்தத் தோட்டத்துக் கத்தி, எந்த வருடம் என்று ஒரு துண்டுக் கடதாசி கட்டிவிட்டால் அதற்கென்றே வாங்குகிறவர்கள் உண்டு. இந்தச் சின்னப் பறவைகள் மாதச் செலவைப் பார்த்துக்கொள்ளும். வருடத்துக்கு இரண்டு மூன்று பெரிய வேலைகள் தனியாக, யாரும் கேட்காமலே செய்து வைக்க வேண்டும். பெயர் அதிலிருந்துதான் வரும்.

பெரியதைக் காட்ட, படிக்காதவனுக்குத் திறந்திருக்கும் நல்ல கதவு கொழும்பில் நடக்கும் கலா பொல. 1993-இலிருந்து ஜோர்ஜ் கீற் மன்றம் நடத்துகிறது. வருடத் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆனந்த குமாரசுவாமியின் பெயர் வைத்த வீதியோரத்தில் நாடு முழுக்க இருந்து ஓவியர்களும் சிற்பிகளும் கடை விரிப்பார்கள். முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். அந்த வீதிக்கு அந்தப் பெயர் பொருத்தம். மண்ணியல் ஆராய்ச்சிக்கு வந்து கண்டி நாட்டுக் கிராமங்களில் அலைந்த மனிதர், கல்லைப் பார்க்கப் போய்க் கைவினைஞர்களைப் பார்த்து, 1908-இல் அவர்களைப் பற்றி ஒரு பெரும் நூலே எழுதிவிட்டார். நான் முதல்முறை போனபோது சிலையை எப்படிக் கொண்டுபோவது என்று தெரியவில்லை. நுவரெலியாவிலிருந்து இரவில் கொழும்புக்கு இறங்கும் மரக்கறி லொறியில், கோவா மூட்டைகளுக்கு நடுவே படங்கு சுற்றிய மயில் போனது. நானும் அதன் பக்கத்திலேயே. காலையில் மயில் முழுக்க லீக்ஸ் வாசம். அன்று மயில் விற்கவில்லை. ஆனால் ஹோட்டல்களுக்கு உள்ளலங்காரம் செய்யும் ஒரு அம்மா நம்பர் வாங்கிப் போனார். ஐந்து மாதம் கழித்து அழைப்பு வந்தது.

ஹோட்டல் வேலையில் காசு உண்டு, கண்ணீரும் உண்டு. மலையில் ஒரு ஹோட்டலுக்கு ஒன்பதடி மரம் செய்தேன், இலைகள் எல்லாம் தகரம். வாய்ப்பேச்சுதான், எழுத்து இல்லை. நிறுவி முடித்த பிறகு மனேஜர் மாறினார். புதியவர், "எங்களிடம் பதிவு இல்லையே" என்றார். மிச்சக் காசு வர பதினான்கு மாதம் ஆனது, அதுவும் முழுதாக இல்லை. அன்றிலிருந்து ஒரே விதி. பாதி முன்பணம், கால் பங்கு பட்டறையில் வந்து பார்க்கும்போது, கால் பங்கு ஏற்றுவதற்கு முன். ஒரு பக்கக் கடதாசியில் அளவு, திகதி, தொகை, யார் ஏற்றுக்கூலி, இரண்டு கையெழுத்து. படம் எடுத்துத் திரும்பச் செய்வதற்கு உரிமை கொடுக்கவில்லை என்றும் ஒரு வரி. 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிப்புரிமை செய்த கணத்திலேயே செய்தவனுக்கு வந்துவிடும், பதிவு தேவையில்லை, வாழ்நாளுக்கும் அதன்பின் 70 வருடத்துக்கும் இருக்கும். ஆனாலும் எழுதி வைத்தால் பேச்சு குறையும்.

வேறு கடதாசிகள் சுலபம். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்தால் வங்கிக் கணக்கும் பில் புத்தகமும் வைக்கலாம், ஹோட்டல்கள் பில் கேட்கும். தேசிய அருங்கலைகள் பேரவையில் கைவினைஞராகப் பதியலாம், மாகாண மட்டத்திலும் தேசிய மட்டத்திலும் போட்டிகள் வைக்கிறார்கள்.

ஒரு எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். ஜூன் 5 சுற்றாடல் தினம் வந்தால் உங்கள் தம்பிக்கு அழைப்பு மேல் அழைப்பு வரும். கழிவிலிருந்து கலை, பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், சான்றிதழ் தருகிறோம் என்பார்கள். பஸ் காசுகூடத் தர மாட்டார்கள். பாடசாலை என்றால் நானும் போவேன், பிள்ளைகள் கேட்கும் கேள்விக்காகவே போகலாம். மற்ற இடங்களுக்கு நாள்கூலி கேட்கட்டும். அதைவிடப் பெரிய ஆபத்து, அந்தப் பெயர் ஒட்டிக்கொள்வது. "குப்பையில் செய்கிற பையன்" என்று ஆகிவிட்டால், பொருள் என்ன என்பதோடு ஆச்சரியம் முடிந்துவிடும். அட, இது சைக்கிள் செயினா என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவார்கள். பறவை பறவையாக இருக்கிறதா என்று யாரும் பார்க்க மாட்டார்கள். தம்பி வாரத்தில் ஒரு நாள் இரும்பைத் தொடாமல், வயலோரமோ காசல்றி நீர்த்தேக்கக் கரையோரமோ உட்கார்ந்து உண்மையான கொக்கைப் பார்த்துப் பென்சிலால் வரையட்டும். அசிங்கமாக வந்தாலும் பரவாயில்லை. படத்தில் இருக்கும் கொக்கின் கழுத்து கோழியின் கழுத்தாக இருக்கிறது, அதை அவனிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

கடைசியாக அந்த ஒடிந்த கால். செயினை அப்படியே அடுக்கி ஒட்டியிருக்கிறான் போல. செயினுக்குள் கிரீஸ் இருக்கும், ஒட்டும்போது அது எரிந்து வெல்டிங்குக்குள் ஓட்டை ஓட்டையாக விழும், பாரம் ஏறியதும் ஒடியும். செயினை ஓர் இரவு மண்ணெண்ணெயில் ஊறவைத்து, சவர்க்காரத் தூளால் கழுவிக் காயவைக்க வேண்டும். காலின் பலத்துக்கு அதை நம்பவே கூடாது. 10 மில்லிமீற்றர் கம்பி ஒன்றை அடித்தகட்டிலிருந்து உடம்பு வழியாகக் கழுத்து வரை ஒரே துண்டாக ஏற்றிவிட்டு, செயினைத் தோல் மாதிரி வெளியே சுற்றினால் போதும். அடித்தகட்டுக்குப் பழைய பிரேக் டிஸ்க் ஒன்று கராஜிலேயே இருக்கும், பாரமும் சரியாக வரும். ஒடிந்த காலைத் திரும்ப ஒட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். கம்பி போட்ட மற்றக் காலில் நிற்கட்டும், இதை மடித்து வயிற்றோடு சேர்த்து ஒட்டிவிடலாம். கொக்கு எப்படியும் ஒற்றைக் காலில்தானே நிற்கும்.